பொன்முடி ஏறும் பழைய காரும் வேலை செய்யாத ஹீட்டரும்

திருவனந்தபுரத்தில் கார் வைத்திருப்போர் பலர், டேஷ்போர்டில் நீலத்திலிருந்து சிவப்புக்குத் திரும்பும் அந்தக் குமிழை ஒருமுறைகூடத் தொட்டிருக்கமாட்டார்கள். ஜனவரி மாத விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிதான ஊரில், காருக்குள் வெப்பக்காற்று வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? கரமனையிலும் வலியசாலையிலும் நிற்கும் பத்து, பதினைந்து ஆண்டுப் பழைய கார்களில் அந்தக் குமிழ் நீலத்திலேயே உறைந்து நிற்கிறது. பின்னர் ஒரு டிசம்பர் விடுமுறையில் குடும்பம் அதே காரில் மூணாறுக்கோ கொடைக்கானலுக்கோ புறப்படுகிறது. இருட்டிய பிறகு மலைப்பாதையில் மழை தூறத் தொடங்குகிறது. உள்ளே ஐந்து பேரின் மூச்சுக்காற்று. முன்கண்ணாடி பால்போல் வெளுத்துவிடுகிறது. குமிழைச் சிவப்புக்குத் திருப்பினால் வருவதோ குளிர்ந்த காற்று.

அந்த நேரத்தில் ஹீட்டர் சுகத்துக்கான கருவி அல்ல; எதிரே வரும் பேருந்தைக் காண்பதற்கான கருவி. இதற்கு மூணாறு வரை செல்லவும் வேண்டியதில்லை. நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் பொன்முடிக்கு 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டும். இடவப்பாதி மழையிலும் துலாவர்ஷத்திலும் அந்த வளைவுகளில் மேகமே சாலையில் இறங்கி நிற்கும்.

ஹீட்டர் வேலை செய்யவில்லை என்பதை ஒரு தனிக் குறையாகக் கருதி, ‘நம் ஊருக்கு அது எதற்கு?’ என்று விட்டுவிடுவோர் மிகுதி. ஆனால் பழைய காரில் ஹீட்டரின் கோளாறு பெரும்பாலும் ஹீட்டரின் கோளாறே அல்ல. எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பில் எங்கோ ஏற்பட்ட குறை, முதலில் அங்கே தலைகாட்டுகிறது.

எஞ்சினிடம் கடன் வாங்கும் வெப்பம்

பெட்ரோல் எஞ்சின் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதைச் சுற்றி ஓடும் கூலன்ட் நீரில் வெப்பமாகச் சேர்கிறது. ரேடியேட்டர் அந்த வெப்பத்தை வெளிக்காற்றில் விட்டுவிடுகிறது. அந்தச் சூடான நீரின் ஒரு பகுதியை இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் கொண்டுவந்து, ஒரு சிறு ரேடியேட்டருக்குள் ஓடச் செய்தால் அதுவே ஹீட்டர். மெக்கானிக்குகள் இதை ‘ஹீட்டர் காயில்’ என்பார்கள். ப்ளோயர் மின்விசிறி அதன் ஊடாகக் காற்றைத் தள்ளுகிறது. தனியாக எரிபொருள் செலவு என்று சொல்லும்படி எதுவுமில்லை. வீணாகப் போகும் வெப்பத்தில் கொஞ்சம் கடன் வாங்குகிறோம், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டில் காவலாளி ஒருவர் இருக்கிறார்: தெர்மோஸ்டாட். உள்ளே மெழுகு அடைத்த சிறு வால்வு அது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குச் செல்லும் வழியை மூடி வைக்கும். நீர் சூடேறி, பெரும்பாலான கார்களில் 82 முதல் 88 டிகிரி வரை எட்டியதும், மெழுகு உருகி விரிந்து வழியைத் திறக்கும். எஞ்சின் விரைவாகச் சூடாகி, பிறகு அதே வெப்பநிலையில் நிலைத்து ஓடுவது இதனால்தான்.

காவலாளியைக் கழற்றி எறிந்தவர்கள்

தென்னாட்டில் பழைய கார்களின் ஹீட்டர் குளிர்ந்து கிடப்பதற்கு ஒரு பெருங்காரணம் இங்கேதான் இருக்கிறது. ‘வெப்பமான ஊரில் எஞ்சின் சூடாவதே தொல்லை, நீரைத் தடுத்து நிறுத்தும் இந்த வால்வு எதற்கு?’ என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடும் வழக்கம் அம்பாசடர் காலத்திலிருந்தே உண்டு. 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800 வண்டிகளிலும் இந்த வைத்தியம் தொடர்ந்தது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த யோசனை, எஞ்சினுக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்கிறது.

தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சினில், தொடக்கம் முதலே முழு நீரும் ரேடியேட்டர் வழியாகச் சுற்றுகிறது. கழக்கூட்டத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் காற்றைக் கிழித்துச் செல்லும்போது எஞ்சின் தனக்குரிய வெப்பநிலையை எட்டுவதே இல்லை. எரிபொருள் செலுத்துதலைக் கணினி கட்டுப்படுத்தும் கார்களில், எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கருதி அது கூடுதல் பெட்ரோலை அனுப்பிக்கொண்டே இருக்கும். எண்ணெயில் சேரும் ஈரம் ஆவியாகாமல் கசடாகத் தங்கும். சில எஞ்சின்களில் விளைவு நேர் எதிராகவும் அமைவதுண்டு: எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்குவழியைத் தக்க நேரத்தில் மூடுவதும் தெர்மோஸ்டாட்டின் வேலையாக இருந்தால், அதைக் கழற்றியபின் நீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி, ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும். குளிர்விக்கச் செய்த வேலை கொதிக்க வைத்துவிடும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பதினைந்து நிமிடம் ஓட்டிய பிறகும் வெப்பநிலை முள் அடியிலேயே கிடந்தாலோ, நகர நெரிசலில் ஏறி, திறந்த சாலையில் மீண்டும் இறங்கினாலோ தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கி நிற்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். சிறிய கார்களுக்குச் சில நூறு ரூபாயில் புதியது கிடைக்கும். பொருத்தும்போது கேஸ்கட்டையும் மாற்றச் சொல்லவேண்டும்.

முள் சொல்வதும் ஹோஸ் சொல்வதும்

முள் அடியில் கிடப்பது ஒரு வகை. அதைவிட அவசரமானது மற்றொரு வகை: முள் மேலே ஏறுகிறது, ஹீட்டரில் வருவதோ குளிர்ந்த காற்று. இது கூலன்ட் குறைந்துவிட்டது என்பதற்கான அடையாளமாக இருக்கலாம். பல கார்களில் ஹீட்டர் காயில் அமைப்பின் உயரமான பகுதியில் இருப்பதால், நீர் குறையும்போது முதலில் அங்கே காற்று புகுந்துவிடும். வாட்டர் பம்ப் தேய்ந்திருந்தாலும் இவ்வாறே நேரும். இந்த நிலையில் வண்டியை ஓரம் கட்டி நிறுத்துவதே அறிவுடைமை. ‘இன்னும் பத்து கிலோமீட்டர்தானே’ என்று தொடர்ந்து ஓட்டினால் ஹெட் கேஸ்கட் எரிந்துபோகும். சில நூறு ரூபாய் வேலை பல ஆயிரங்களுக்குச் சென்றுவிடும். சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது ஒருபோதும் கூடாது. மூடி தரும் அழுத்தத்தில் நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கிறது. திறந்த கணத்தில் கொதித்து முகத்தில் பீய்ச்சும்.

முள் நடுவில் சரியாக நிற்கிறது, ஆனால் வெப்பக்காற்று இல்லை என்றால் தேடலின் எல்லை சுருங்கிவிடுகிறது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, குமிழைச் சிவப்பில் வைத்து, பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்கும் பயணியர் பகுதிக்கும் இடையே உள்ள தகட்டுச் சுவருக்குள் நுழையும் இரண்டு ஹோஸ்களைத் தேடுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, துணி சுற்றிய கையால் தொட்டுப் பாருங்கள். மின்விசிறியின் அருகே மட்டும் கை போகவேண்டாம். எஞ்சின் அணைந்த பிறகும் அது தானாகச் சுழலக்கூடும்.

இரண்டும் சூடாக இருந்தால், வெந்நீர் உள்ளே வந்து திரும்புகிறது என்று பொருள். குறை காற்றின் வழியில் இருக்கிறது. குமிழையும் உள்ளே இருக்கும் தடுப்புத் தகட்டையும் இணைக்கும் கேபிள் கழன்றிருக்கும், அல்லது தகடு உடைந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் அசையாத கேபிள், ஒருநாள் வலிந்து திருப்பும்போது கொக்கியிலிருந்து நழுவுவது இயல்பே. ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால் காயில் அடைத்திருக்கிறது, அல்லது ஹீட்டருக்கான நீர் வால்வு மூடியபடி இறுகிவிட்டது. இரண்டும் குளிர்ந்திருந்தால் நீர் அங்கே வரவே இல்லை.

இன்னொரு காட்சிக்கும் தயாராக இருங்கள். அந்த இடத்தில் ஹோஸ்களே இல்லாமல் இரண்டு குழாய் முனைகள் மட்டும் மொட்டையாக நிற்கலாம். காயில் என்றோ ஒழுகியிருக்கிறது. டேஷ்போர்டைக் கழற்றும் கூலிக்கு அஞ்சி, முந்தைய உரிமையாளர் ஹோஸ்களை ஒன்றோடொன்று இணைத்து ஹீட்டரையே விலக்கி வைத்திருக்கிறார். கடற்கரை ஊரில் ஓட இது போதும். மலைக்குச் செல்வதாக இருந்தால் போதாது.

காற்றே வரவில்லை என்றால் அது தனிக்கதை. ப்ளோயரின் ஃபியூஸை முதலில் பார்க்கவேண்டும். அதிகபட்ச வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் ஓடவில்லை என்றால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. அதன் ரெசிஸ்டர்தான் எரிந்துபோயிருக்கும். மோட்டாரையே மாற்றச் சொல்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

மஞ்சள் பொடி வைத்தியம்

காயில் ஏன் அடைக்கிறது? கூலன்டுக்குப் பதிலாகக் கிணற்று நீரும் குழாய் நீரும் ஊற்றி ஓட்டியதே முதற்காரணம். கூலன்டின் மதிப்பு அதன் நிறத்திலோ குளிர்ச்சியிலோ இல்லை. எஞ்சினின் இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்காமல் காக்கும் மருந்துகள் அதில் கலந்திருக்கின்றன. வெறும் நீரில் துரு கிளம்பி, அமைப்பிலேயே மிகக் குறுகலான குழாய்களைத் தேடிச் சென்று படிகிறது. அந்தக் குறுகலான குழாய்கள் ஹீட்டர் காயிலில்தான் இருக்கின்றன.

இரண்டாவது காரணம் நம் நாட்டுக்கே உரியது. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் பொடியைக் கரைத்து ஊற்றும் வழக்கம் லாரி ஓட்டுநர்களிடமிருந்து கார்களுக்கும் வந்தது. நள்ளிரவில் நடுவழியில் நின்றவருக்கு அது கைகொடுத்திருக்கலாம். அதைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் ரேடியேட்டரின் ஓட்டையை அடைத்த பொடி, ஹீட்டர் காயிலின் வழியையும் அடைக்கும். கடையில் விற்கும் ஒழுகல் அடைப்பான் மருந்துகளும் அளவுக்கு மீறினால் இதையே செய்யும். வீடு வந்து சேர்ந்ததும் முழு அமைப்பையும் கழுவிவிடுவது நல்லது.

அடைத்த காயிலைக் கழற்றாமலே பல நேரம் சீர்செய்ய முடியும். இரண்டு ஹோஸ்களையும் கழற்றி, வழக்கமாக நீர் வெளியேறும் முனை வழியாகத் தோட்டக் குழாயின் மெல்லிய அழுத்தத்தில் நீரைச் செலுத்தி, எதிர்த் திசையில் கழுவவேண்டும். முதலில் பழுப்பாக வரும். தெளியும் வரை தொடரலாம். அழுத்தம் மிகுந்தால் பழைய காயில் பிளந்துவிடும். அப்படிப் பிளந்தால் டேஷ்போர்டைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை; அதில் உதிரிப்பாகத்தைவிடக் கூலியே மிகுதி.

காயில் ஒழுகுகிறதா என்பதை மூக்கும் கையும் சொல்லிவிடும். உள்ளே இனிப்பான ஒரு வாடை. முன்கண்ணாடியின் உட்புறம் துடைத்தாலும் போகாத பிசுக்கு. முன்னிருக்கைப் பயணியின் காலடியில் ஈரம். ஈரத்தை மட்டும் கண்டு முடிவுக்கு வரவேண்டாம், ஏசியின் நீர் வெளியேறும் குழாய் அடைத்திருந்தாலும் அங்கேதான் நனையும். அது வெறும் நீர். கூலன்ட் விரலில் வழுவழுக்கும். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகால் நஞ்சு. இனிப்புச் சுவையால் நாயும் பூனையும் நக்கிவிடும், குழந்தைகளுக்கும் ஆபத்து. கழுவிய நீரை முற்றத்தில் விடாமல் பாத்திரத்தில் பிடித்துப் பணிமனையில் ஒப்படையுங்கள்.

ஏசி குறை என்ற வேடத்தில்

திருவனந்தபுரத்தில் ஹீட்டர் கோளாறு பெரும்பாலும் ‘ஏசி குளிரவில்லை’ என்ற முறையீடாகவே பணிமனைக்கு வருகிறது. நீர் வால்வு திறந்தபடி சிக்கினாலோ, தடுப்புத் தகடு முழுமையாக மூடாவிட்டாலோ, ஏசி குளிர்வித்த காற்று ஹீட்டர் காயிலைத் தொட்டுக்கொண்டு வருகிறது. ஒரு கை குளிர்விக்க, மறு கை சூடாக்குகிறது. எரிவாயு குறைந்துவிட்டது என்று கோடைதோறும் நிரப்பிப் பணம் செலவழித்தும் பலன் காணாத கார்களில் இதையும் சோதிக்கவேண்டும். பானெட்டுக்குள் ஏசியின் பருத்த குழாய் வியர்த்துக் குளிர்ந்திருந்து, உள்ளே வரும் காற்று மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் ஐயம் ஹீட்டர் பக்கமே செல்லவேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலைப்பொழுதில் நன்றாகக் குளிரும் ஏசி, அரைமணி நேரத்தில் மந்தமாவதும் இதற்குரிய குறிப்பு.

கண்ணாடி மங்குவதிலும் நம் ஊருக்கென்று ஒரு குழப்பம் உண்டு. மழைநாளில் ஏசியை மிகக் குளிராக வைத்து ஓட்டும்போது, கண்ணாடி குளிர்ந்து, வெளிக்காற்றின் ஈரம் அதன் வெளிப்புறத்தில் படிகிறது. ஓட்டுநர் உட்புறத்தைத் துடைத்துத் துடைத்துக் களைத்துப்போகிறார். இதற்கு வைப்பரை ஒருமுறை ஓட்டி, குமிழைச் சற்றே சிவப்பு நோக்கித் திருப்பினால் போதும். மலையில் உட்புறம் மங்கும்போதோ ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்தே இயக்கவேண்டும். முன்னது காற்றின் ஈரத்தை எடுக்கிறது, பின்னது கண்ணாடியைச் சூடாக்குகிறது. உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து வெளிக்காற்றை உள்ளே விடுவது அவசியம்.

வெயிற்காலத்திலும் ஹீட்டர் பயன்படும் இடம் ஒன்று உண்டு. பொன்முடியின் பன்னிரண்டாம் வளைவில் முள் சிவப்பை நோக்கி நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏசியை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, ஹீட்டரையும் ப்ளோயரையும் முழு அளவில் இயக்கினால் அந்தச் சிறு காயில் இரண்டாவது ரேடியேட்டராக மாறி எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதியை வெளியேற்றும். உள்ளே இருப்போர் வேர்த்துப்போவார்கள். ஆயினும் பாதுகாப்பாக ஒதுங்கி நிற்கும் இடம் வரை எஞ்சின் தாங்கும். ஹோஸ்களை இணைத்து ஹீட்டரை விலக்கி வைத்த காரில் இந்த வாய்ப்பு இல்லை.

நிறுத்திய காரில் எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரைப் போட்டு உறங்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். துருப்பிடித்த புகைக்குழாயிலிருந்து கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 2024 டிசம்பரில் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்ததற்கு, ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த இந்த வாயுவே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது.

பழைய கார் வாங்குவோர் கவனத்துக்கு

பழைய காருக்குக் கடன் பெற எண்ணும் வாடிக்கையாளர்கள் ஹீட்டரைச் சோதிக்கத் தவறக்கூடாது. ஏசி குளிர்கிறதா என்று பார்க்காதவர் இல்லை. ஹீட்டர் சுடுகிறதா என்று பார்ப்பவர் அரிது. பொதுவான மோட்டார் காப்பீட்டுப் பாலிசி விபத்துச் சேதத்துக்கு உரியது. தேய்மானமும் இயந்திரக் கோளாறும் அதில் விலக்கப்பட்டவை. கொதித்துப்போன எஞ்சினுக்கான செலவு உரிமையாளரின் பையிலிருந்தே வரும்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கு மட்டுமே. பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கவேண்டும். 2022 ஏப்ரல் முதல் 15 ஆண்டு கடந்த காருக்கு மத்திய அரசின் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கப்பட்டது. இத்தொகையைக் கட்டிப் பழைய வண்டியை வைத்துக்கொள்ள முடிவு செய்பவர், எஞ்சினின் நிலையைக் கட்டுவதற்கு முன்பே அறிந்துகொள்வது கணக்குக்கு நல்லது.

விற்பவர் காரை ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கக்கூடும். ஆகவே எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் செல்லுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து நீரின் நிறத்தைப் பாருங்கள். பச்சையோ சிவப்போ தெளிவாக இருந்தால் நன்று. தேநீர் நிறமாக இருந்தால் பல ஆண்டுகளாக வெறும் நீரே ஓடியிருக்கிறது. மூடியை இறுக்கி, எஞ்சினை இயக்கி, குமிழைச் சிவப்பில் வைத்துப் பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். முள் நடுவுக்கு வரவேண்டும்; காற்று கை பொறுக்காத அளவுக்குச் சுடவேண்டும்; குமிழை நீலத்துக்குத் திருப்பியதும் அந்தச் சூடு தணியவேண்டும். இறங்கும் முன், முன்னிருக்கைப் பக்கத்துத் தரைவிரிப்பைத் தூக்கி, அதன் அடியில் கையை வைத்துப் பார்த்துவிடுங்கள்.